கூரையை மாற்றும்போது வீட்டுக் காப்புறுதியையும் சரிப்படுத்துவது: திருகோணமலை வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, வீட்டுக் காப்புறுதி ஏற்கெனவே வைத்திருந்து, பழைய ஓட்டையோ அஸ்பெஸ்டஸ் சீட்டையோ இறக்கிவிட்டுப் புதுக் கூரை போடப்போகிறவர்களுக்கானது. அண்மையில் போட்டு முடித்தவர்களும் 4ஆம் பிரிவின் இறுதிப் பத்தியிலிருந்து தொடங்கலாம். உவர்மலை, உப்புவெளி, பாலையூற்று, அன்புவழிபுரம் எனப் பல இடங்களில் காப்புறுதி நிறுவனத்துக்கான கடிதங்களை வீட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தபோது நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலானோருக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது, எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஓட்டை இறக்கிய பிறகு நிறுவனத்துக்கு அறிவிக்கிறார்கள், சீலிங் அடித்த பிறகு கைமரங்களைப் படம் எடுக்க நினைக்கிறார்கள், மழை தொடங்கிய பிறகு காப்புறுதித் தொகையைக் கூட்டக் கேட்கிறார்கள். ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. முதலில் முழுப் பத்திரத்தையும் கையில் எடுங்கள்

பலரிடம் இருப்பது கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டும் ஒரு பக்க அட்டவணையும் மட்டுமே. நிபந்தனைகள் அச்சிடப்பட்ட கையேடும், இடையில் ஏதாவது மாற்றம் செய்திருந்தால் அதற்கான இணைப்புத் தாளும் சேர்ந்ததுதான் பத்திரம். கையில் இல்லாவிட்டால் கிளை அலுவலகத்தில் பத்திர இலக்கத்தைக் கொடுத்து முழுப் பிரதி கேளுங்கள். வங்கிக் கடனுக்காக எடுத்த காப்புறுதியாக இருந்தால் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும், அங்கிருந்து பிரதி பெறலாம்.

பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். விளங்காத நிபந்தனைகளைக் கோடிட்டுக்கொண்டு போய், கிளை உத்தியோகத்தரிடம் தமிழில் விளக்கம் கேளுங்கள். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நீங்கள் கட்டணம் செலுத்துவது அந்த வரிகளுக்காகத்தான்.

இத்துடன் வீட்டின் தரைப் பரப்பு எழுதப்பட்ட வரைபடம், கூரை வேலைக்கான மதிப்பீட்டுச் சீட்டு, பழைய கூரையின் படங்கள் ஆகியவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. பத்திரத்தில் எந்த வரிகளைத் தேட வேண்டும்

கட்டட விவரம் என்ற பகுதியில் சுவர், கூரை, தரை ஆகியவை எவற்றால் ஆனவை என்று எழுதப்பட்டிருக்கும். காப்புறுதி நிறுவனம் உங்கள் வீட்டை அறிந்திருப்பது அந்த வரிகளின் வழியாகத்தான். அங்கே ஓடு என்று இருந்து, வீட்டின் மேல் தகரம் இருந்தால், நட்டஈடு கோரும் நாளில் பார்வையிட வரும் இழப்பு மதிப்பீட்டாளர் முதலில் குறித்துக்கொள்வது அந்த வேறுபாட்டைத்தான். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பகத்தின் மேல் நிற்பது என்பதால், அபாயத்தை எடைபோட உதவும் விடயத்தைச் சொல்லாமல் விட்டால் கோரிக்கையைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு இடம் கிடைக்கிறது.

அடுத்து, எந்த அபாயங்களுக்குக் காப்பு உண்டு என்று பாருங்கள். அடிப்படைத் தீக் காப்புறுதி என்பது தீக்கும் மின்னலுக்கும் உரியது. புயல், வெள்ளம், வெடிப்பு, குழாய் வெடித்து நீர் பெருகுதல் போன்றவை மேலதிகமாகச் சேர்க்கப்படுபவை. கரையோர மாவட்டமொன்றில் இருந்துகொண்டு புயல் காப்பு இல்லாத பத்திரத்தை வருடக்கணக்காகப் புதுப்பித்து வருபவர்கள் இருக்கிறார்கள். கூரையை மாற்றும் இந்த வேளையே அதைச் சேர்த்துக்கொள்ளப் பொருத்தமான வேளை, ஏனெனில் பத்திரம் எப்படியும் திருத்தப்படப் போகிறது.

மூன்றாவதாக, ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே தாங்க வேண்டிய பங்கு எவ்வளவு என்று பாருங்கள். அது ஒரு நிலையான தொகையாகவோ இழப்பின் ஒரு வீதமாகவோ குறிக்கப்பட்டிருக்கும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் தீயை விட வேறான பங்கு குறிக்கப்பட்டிருக்கலாம். சில ஓடுகள் பறந்ததற்குக் கோரிக்கை வைத்துவிட்டு, கையில் ஒன்றும் வரவில்லையே என்று மனம் நொந்தவர்கள் இந்த வரியைப் படிக்காதவர்களே.

நான்காவது, பழுதான பொருளுக்குப் புதியதன் விலை தரப்படுமா, அல்லது பழைமைக்காகக் கழித்து மீதி தரப்படுமா என்பது. கழிவு உண்டு என்றால் கூரையின் வயது பணத்தைத் தீர்மானிக்கும். அப்போது வேலை முடிந்த திகதிக்கான சான்று உங்களுக்கு மிகவும் பெறுமதியானது.

3. ஓட்டை இறக்குவதற்கு முன் எழுத்தில் அறிவியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள்.

புயல் காப்பு இருந்தாலும், கட்டுமானமோ திருத்தமோ நடந்துகொண்டிருக்கும் கட்டடத்தின் திறந்த பகுதிகள் மூடப்பட்டுப் பாதுகாக்கப்படாத நிலையில் ஏற்படும் சேதத்தை விலக்கும் நிபந்தனை பல பத்திரங்களில் இருக்கிறது. பாதி ஓடு இறக்கிய நிலையில் இரவில் மழை கொட்டி, மெத்தையும் தொலைக்காட்சியும் மின் இணைப்புகளும் நனைந்தால், பத்திரம் நடைமுறையில் இருந்தும் பயன் இல்லாமல் போகலாம். அதனால், வேலை நடக்கும் நாட்களில் காப்பு எந்த அளவுக்குத் தொடரும், படங்கு விரித்து மூட வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடு உண்டா, தற்காலிகமாக மேலதிகக் காப்பு எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள்.

இன்னொரு நிபந்தனையும் இங்கே கவனிக்கத்தக்கது. வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆட்கள் இன்றிக் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்று பல தீக் காப்புறுதிப் பத்திரங்கள் சொல்கின்றன. கூரை வேலைக்காகக் குடும்பம் சகோதரியின் வீட்டில் போய் இருப்பதும், ஓடாவியார் வேறு வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு கிழமை வேலை ஒன்றரை மாதமாக இழுபடுவதும் நம் ஊரில் வழமையானவை. அப்படி நேரக்கூடும் என்றால் அதையும் அறிவிப்பில் எழுதுங்கள்.

அறிவிப்பு நிறுவனத்துக்குப் போக வேண்டும், முகவருக்கு மட்டும் போனால் போதாது. "அக்கா, அது ஒரு பிரச்சினையும் இல்லை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று முகவர் தொலைபேசியில் சொல்வதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் அவர் அடுத்த வருடம் அந்தத் தொழிலிலேயே இல்லாமல் இருக்கலாம், அவர் சொன்னது எந்தக் கோப்பிலும் பதிவாகியிருக்காது. கடிதத்தின் இரண்டு பிரதிகளைக் கிளைக்குக் கொண்டுபோய், ஒன்றில் திகதியுடன் முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பாதுகாத்து வையுங்கள். மின்னஞ்சலும் போதுமானது, பத்திர இலக்கத்தைத் தலைப்பில் குறிப்பிட்டால் கோப்பைத் தேடுவது அவர்களுக்கு எளிது.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"மேற்படி பத்திரத்தின் கீழ் காப்புறுதி செய்யப்பட்டுள்ள எனது வீட்டின் கூரையை எதிர்வரும் (திகதி) முதல் மாற்றவுள்ளேன். தற்போது ஓடாக உள்ள கூரை, புதிய கைமரங்களின் மேல் நிறந்தீட்டிய உலோகச் சீட்டாக மாற்றப்படும். வேலை (திகதி) அளவில் நிறைவடையும் என எதிர்பார்க்கிறேன். இக்காலத்தில் காப்புத் தொடர்வதையும், அதற்கான நிபந்தனைகள் ஏதும் இருப்பின் அவற்றையும் எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் சமர்ப்பித்துப் பத்திரத்தைத் திருத்தக் கோருவேன்."

4. வேலை நடக்கும்போது சான்றுகளைச் சேருங்கள்

கூரையின் உறுதி மேலே தெரியும் சீட்டிலோ ஓட்டிலோ மட்டும் இல்லை. கைமரங்கள் சுவர் மேல் கிடக்கும் வளையோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் காற்றுக்குத் தாக்குப்பிடிப்பதைத் தீர்மானிக்கிறது. ஆணி மட்டும் அடித்திருக்கிறதா, இரும்புப் பட்டி வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறதா, வளை சுவருக்குள் புதைத்த கம்பியோடு இறுக்கப்பட்டிருக்கிறதா என்பவை சீலிங் அடித்த பிறகு எவர் கண்ணுக்கும் தெரியா. சலாகை அடித்து முடிந்து, சீட் ஏற்றப்படாமல் இருக்கும் அந்த இடைவெளியில் படம் எடுப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு மூலையையும் தூரத்தில் நின்று ஒன்று, கிட்ட நின்று ஒன்று என எடுங்கள். கிட்ட எடுக்கும் படத்தில் பட்டியின் இரு முனைகளும், ஆணித் தலைகளும், மரத்தின் தடிப்பைக் காட்ட அருகே பிடித்த அளவுநாடாவும் தெரிய வேண்டும்.

கடலுக்கு அண்மையில், திருக்கடலூர், சல்லி, நிலாவெளி போன்ற இடங்களில், போல்டுகளின் துருவும் ஒரு பிரச்சினை. உப்புக்காற்று சாதாரண இரும்புக் கொக்கிகளை மெல்ல அரித்துவிடும். துருவாலும் தேய்மானத்தாலும் நாளடைவில் வந்த பழுதுக்குக் காப்புறுதி பொறுப்பேற்பதில்லை. நாகமுலாம் பூசிய போல்டும் இறப்பர் வளையமும் பயன்படுத்தியிருந்தால், அந்தப் பெயர் எழுதப்பட்ட கடைச் சீட்டைத் தனியே வையுங்கள்.

பற்றுச்சீட்டு விடயத்தில் நம் பழக்கமே ஒரு தடையாக இருக்கிறது. பொருட்களை நாமே கடையில் வாங்கிக் கொடுத்து, மேசனுக்கும் ஓடாவியாருக்கும் நாட்கூலியைக் கையில் கொடுப்பதால், வேலை முடிந்தபின் செலவின் பாதிக்கு எழுத்துச் சான்று இருப்பதில்லை. ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் திகதி, செய்த வேலை, கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதி, வாங்கியவரிடம் ஒவ்வொரு முறையும் கையொப்பம் வாங்குங்கள். கடையிலும் துண்டுக் கடதாசியில் கணக்குப் போட்டுத் தருவதை ஏற்காமல், கடையின் பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டில் கூரைச் சீட்டின் தடிப்பு, நீளம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள்.

வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டவர்கள், சீலிங்கில் மின்வேலைக்காக விட்ட திறப்பு இருந்தால் அதன் வழியாக உள்ளே படம் எடுக்கலாம். வேலை செய்தவரிடம், எந்த மரம், எந்தச் சீட், எந்த விதப் பிணைப்பு, எந்தத் திகதியில் முடிந்தது என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றையும் பெறலாம். படங்களின் அளவுக்கு அது வலுவானது அல்ல, ஆனாலும் வெறுங்கையை விட மேலானது.

5. காப்புறுதித் தொகையைப் புதிதாகக் கணக்கிடுங்கள்

அதிகப் பணம் இழக்கப்படுவது இந்த இடத்தில்தான், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

காப்புறுதித் தொகை என்பது, வீடு முற்றாக அழிந்தால் அதே வீட்டை இன்றைய விலையில் திரும்பக் கட்டத் தேவைப்படும் தொகை. காணியின் விலை அதில் சேராது, விற்றால் என்ன கிடைக்கும் என்பதும் அதற்குச் சம்பந்தமில்லை. டைக் வீதியில் சிறு வீடொன்றின் சந்தை விலையில் பெரும்பகுதி காணிக்குரியது. உட்புறக் கிராமமொன்றில் உள்ள பெரிய வீட்டைத் திரும்பக் கட்ட, அதை விற்றுக் கிடைப்பதை விடக் கூடுதலாகச் செலவாகலாம்.

தொகையைக் குறைத்து எழுதினால் முழு அழிவின்போது மட்டும்தான் நட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. குறைகாப்புறுதிக்கான விகிதாசார நிபந்தனை சிறிய இழப்பிலும் கைவைக்கும். உதாரணமாக, வீட்டைத் திரும்பக் கட்ட 80 இலட்சம் ரூபா தேவை, நீங்கள் காப்புறுதி செய்திருப்பது 60 இலட்சத்துக்கு என்று கொள்ளுங்கள். புயலில் கூரைக்கு 12 இலட்சம் ரூபா சேதம் ஏற்பட்டால், அந்தச் சேதம் 60 இலட்சத்துக்குள்தானே என்று முழுவதையும் தர மாட்டார்கள். வீட்டின் நான்கில் மூன்று பங்குக்கே காப்புறுதி இருப்பதால் இழப்பிலும் நான்கில் மூன்று பங்கு, அதாவது 9 இலட்சம் ரூபாவே கணக்கில் எடுக்கப்படும். நீங்கள் தாங்க வேண்டிய பங்கு அதிலிருந்து பின்னர் கழியும்.

2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, சீமெந்து, கம்பி, ஓடு, மின்வயர் எல்லாவற்றின் விலையும் ஏறியதை எவரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முன் குறித்த தொகையிலேயே இன்னும் புதுப்பித்து வருகிறீர்கள் என்றால், கூரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் உங்கள் வீடு குறைகாப்புறுதியில் இருக்கிறது என்றே கொள்ளலாம்.

கணக்கிடும் முறை எளிது. உங்கள் பகுதியில் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஒப்பந்தகாரர்களிடம், உங்கள் வீட்டைப் போன்ற முடிப்புக்குச் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டு, உங்கள் தரைப் பரப்பால் பெருக்குங்கள். மதில், வெளி மலசலகூடம், கிணற்றுக் கட்டு, தண்ணீர்த் தாங்கி ஆகியவை பத்திரத்தில் அடங்குமானால் அவற்றின் செலவையும், இடிபாடுகளை அகற்றும் செலவையும் கூட்டுங்கள். பெரிய வீடாக இருந்தால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையைப் பெறுவது நல்லது, பிறகு தொகை பற்றிய வாதத்துக்கு அதிகம் இடமிருக்காது.

இங்கே இரண்டு பிழைகளை அடிக்கடி காண்கிறேன். ஒன்று, புதுக் கூரைக்கான செலவைப் பழைய தொகையோடு அப்படியே கூட்டுவது. பழைய தொகையில் ஒரு கூரை ஏற்கெனவே அடங்கியிருந்தது. அதன் மேல் இன்றைய கூரை விலையைக் கூட்டினால் இரண்டு கூரைகளும், பழைய விலையில் சுவர்களும் கொண்ட ஒரு கணக்கு வரும், அது எந்த வீட்டுக்கும் உரியதல்ல. மற்றது, ஓட்டை விடச் சீட் மலிவு என்று தொகையைக் குறைக்கக் கேட்பது. கூரையில் மிஞ்சிய காசை விடச் சுவரிலும் தரையிலும் ஏறிய விலை பல மடங்கு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

6. திருத்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்

வேலை முடிந்த ஒரு கிழமைக்குள், முடிவுற்றதை அறிவிக்கும் இரண்டாவது கடிதத்தைக் கொடுங்கள். புதிய கூரை விவரம், முடிந்த திகதி, புதிய காப்புறுதித் தொகை, சேர்க்க விரும்பும் அபாயங்கள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். படங்களையும் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் இணையுங்கள், மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடாதீர்கள்.

கூரையோடு சேர்ந்து வந்த மாற்றங்களையும் இதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். சூரியமின் தகடுகள் பொருத்தியிருந்தால் அவை கட்டடத்தின் பகுதியாகத் தானாகவே சேரும் என்று எண்ண வேண்டாம், அவற்றின் பெறுமதியுடன் தனி வரியாக எழுதக் கேளுங்கள். பீலி, சீலிங் ஆகியவையும் விட்டுப்போகக் கூடாது. பின்புறத்தில் கிடுகால் வேய்ந்த குசினியோ கொட்டிலோ வீட்டுடன் ஒட்டி இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தீ அங்கிருந்து தொடங்கினால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகவே இருக்கும்.

நிறுவனம் தரவேண்டியது அலுவலகங்களில் என்டோஸ்மன்ட் என்று சொல்லப்படும் திருத்தப் பத்திரம். கடிதம் கிடைத்தது என்ற ஒப்புதல் திருத்தம் ஆகாது. திருத்தப் பத்திரம் வந்ததும் மூன்றைப் பாருங்கள்: கூரைப் பொருள் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, தொகை நீங்கள் கேட்டதுதானா, எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. மேலதிகக் கட்டணம் கேட்டிருந்தால் உடனே செலுத்திப் பற்றுச்சீட்டை அதனுடன் இணைத்து வையுங்கள், செலுத்தாத கட்டணத்தின் மேல் திருத்தம் நிற்காது.

7. வங்கிக் கடன் உள்ள வீடுகள்

வீடு ஈடாக இருந்தால் பத்திரத்தில் வங்கியின் உரிமையும் குறிக்கப்பட்டிருக்கும், நட்டஈடு முதலில் வங்கிக்கே போகும். பல வங்கிகள் காப்புறுதியைத் தாமே வருடாவருடம் புதுப்பித்துக் கட்டணத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கின்றன. வசதியான ஏற்பாடுதான், ஆனால் கடன் எடுத்த நாளில் எழுதிய கூரையும் தொகையும் அப்படியே தொடரும். சிலவற்றில் காப்புறுதித் தொகை கடன் தொகைக்குச் சமமாக மட்டுமே இருக்கும், அதாவது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு, உங்கள் பங்குக்கு இல்லை. மேலே சொன்ன விகிதாசாரக் கணக்கும் அங்கே கடுமையாக வெட்டும். ஆகவே இரண்டு கடிதங்களின் பிரதியையும் வங்கியின் கடன் பிரிவுக்குக் கொடுத்து, தொகையை உயர்த்தச் சம்மதம் கேளுங்கள்.

கடன் முடிந்த வீடு என்றால் வங்கியின் பெயரை நீக்கக் கேளுங்கள். அது நீக்கப்படாத வரை நட்டஈட்டுக் காசோலை உங்கள் பெயரில் எழுதப்படாமல் இழுபடும்.

வீட்டு உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து, உறவினர் இங்கே குடியிருந்தால், பத்திரம் காணி உறுதியில் உள்ளவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். குடியிருப்பவர் வேறு ஒருவர் என்பதும் எழுதப்பட வேண்டும். கடிதங்களில் கையொப்பமிட அவருக்கு உரிமையாளர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருப்பது அவசியம்.

8. ஒக்டோபருக்கு முன் முடியுங்கள்

நமது மாவட்டத்துக்கு வாடைக்காற்றின் மழை ஒக்டோபர் முடிவில் தொடங்குகிறது, புயல் வந்தால் நவம்பரிலோ டிசம்பரிலோ வருகிறது. 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்குச் சற்று வடக்கேதான். 2000ஆம் ஆண்டுப் புயல் தாக்கியதும் டிசம்பர் இறுதியில். கச்சான் வீசும் வரண்ட மாதங்களில் கூரை வேலையை முடித்து, செப்டம்பர் இறுதிக்குள் திருத்தப் பத்திரம் கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகிவிட்டது என்ற செய்தி வந்த பிறகு எந்த நிறுவனமும் புயல் காப்பைச் சேர்க்க முன்வரும் என்று எதிர்பார்க்க முடியாது, திருத்தம் பின்திகதியிடப்படுவதும் இல்லை.

ஆவணக் கோப்பை நீர்புகா உறையில் இட்டு உயரமான இடத்தில் வைப்பதோடு, எல்லாத் தாள்களையும் படமெடுத்து வேறு ஊரில் உள்ள ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். வெள்ளத்தில் கைபேசியும் கோப்பும் ஒன்றாகப் போய்விடுவதைக் கண்டிருக்கிறோம்.

9. பதில் வராதபோதும், புதுப்பித்தல் வரும்போதும்

இரண்டு கிழமைக்குள் பதில் இல்லை என்றால் முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள், கிளை அசையாவிட்டால் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் தீர்வு இல்லையென்றால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். முத்திரையிட்ட உங்கள் பிரதிகள் அங்கேதான் பயன்படும்.

அடுத்த வருடப் புதுப்பித்தல் அறிவித்தல் வரும்போது, கூரை விவரமும் தொகையும் திருத்தியபடியே வந்திருக்கின்றனவா என்று திருத்தப் பத்திரத்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். புதுப்பிக்கும்போது பழைய விவரங்களே மீண்டும் அச்சாகி வருவது உண்டு. அப்படி வந்தால் கட்டணம் செலுத்துவதற்கு முன் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.